மைக்கிலிருந்து மக்களவைக்கு: மார்ட்டின் பெல் போன வழி வேலூரில் திறக்குமா?

டிவியில் தினமும் இரவு பார்க்கிற ஒரு முகம் திடீரென்று சுவரொட்டியில் வேட்பாளராகக் கும்பிடு போடுகிறது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் தேர்தல் நெருங்கும்போது இந்த மாதிரிப் பேச்சு அடிபடும். கூடவே சில கேள்விகளும் வரும். செய்தித் தொழிலில் இருப்பவர் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்க வேண்டுமா? கட்சி இல்லாமல் நின்று ஜெயிக்க முடியுமா? ஜெயித்தாலும், ஸ்டூடியோவில் கேட்ட மாதிரி நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க விடுவார்களா?

இவற்றுக்கான பதில் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மட்டும் படித்தால் பாதிதான் விளங்கும். ஏறக்குறைய 35 ஆண்டுகள் பிபிசி செய்தியாளராக இருந்துவிட்டு, எந்தக் கட்சியிலும் சேராமல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போன மார்ட்டின் பெல்லின் கதையை வைத்துப் பார்த்தால் மீதியும் விளங்கும். அவர் மேல் மக்களுக்கு இருந்த நம்பிக்கை பாதி வேலையைச் செய்தது. மீதிப் பாதியைச் செய்தவை, அவருக்கு வழிவிட்டு ஒதுங்கிய இரண்டு கட்சிகள். அவர் கதையைச் சொல்பவர்கள் இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் சில சொற்கள்

1. சுயேச்சை: கட்சியின் சீட்டு இல்லாமல் சொந்தப் பெயரில் நிற்பவர். வட ஆற்காட்டுக்கு இது புதிது இல்லை. 1957 தேர்தலில் திமுகவுக்கு அங்கீகாரம் கிடையாது. அதனால் அதன் வேட்பாளர்கள் தேர்தல் கணக்கில் சுயேச்சைகள். அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையில் ஆர். தர்மலிங்கம் அப்படித்தான் மக்களவைக்குப் போனார். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கட்சியே நின்றது. இந்தக் கட்டுரையில் சுயேச்சை என்றால், பின்னால் கட்சி எதுவும் இல்லாத ஆள்.

2. கொறடா உத்தரவு: ஒரு வாக்கெடுப்பில் இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் கட்டளை. பிரிட்டனில் இதை மீறினால் கட்சி கோபித்துக்கொள்ளும். மிஞ்சிப்போனால் கட்சியை விட்டு நீக்கும். பதவி போகாது. இந்தியாவில் 1985 இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பதவியே போகலாம்.

3. டெபாசிட்: மக்களவைக்கு நிற்பவர் கட்டும் 25,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 12,500. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றவருக்கு அது திரும்பக் கிடைக்கும்.

சஃபோக்கிலிருந்து சரயேவோ வரை

மார்ட்டின் பெல் 1938 இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தவர். அப்பா ஏட்ரியன் பெல் விவசாயம் பார்த்தவர், எழுத்தாளர். லண்டன் டைம்ஸ் நாளிதழின் முதல் குறுக்கெழுத்துப் புதிரை 1930 இல் அமைத்தவரும் அவர்தான். மகன் கட்டாய ராணுவ சேவையைச் சைப்ரஸில் முடித்து, கேம்பிரிட்ஜில் ஆங்கிலம் படித்து, 1962 இல் பிபிசியின் நாரிச் அலுவலகத்தில் செய்தி உதவியாளராகச் சேர்ந்தார்.

அங்கிருந்து லண்டன், பிறகு உலகம். வியட்நாம், பையாஃப்ரா, வட அயர்லாந்து, அங்கோலா, 1967 இலும் 1973 இலும் நடந்த அரபு இஸ்ரேல் போர்கள் என்று துப்பாக்கிச் சத்தம் கேட்ட இடமெல்லாம் போனார். 1978 முதல் 1989 வரை வாஷிங்டன் செய்தியாளர். பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரே குரல் வீட்டுக்குள் வந்து போனால் அது குடும்பத்தில் ஒருவர் குரல் மாதிரி ஆகிவிடும். நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. பிபிசியின் தமிழோசை 1941 இல் தொடங்கி 2017 வரை வானொலியில் வந்தது. சிற்றலையில் திருகை ஒரு நூல் இழை அளவுக்கு நகர்த்தி, இரைச்சலுக்குள்ளிருந்து அந்தக் குரலைப் பிடித்து, பிடித்தபின் ரேடியோவை யாரும் தொடக் கூடாது என்று பிள்ளைகளை அதட்டி உட்கார்ந்து கேட்டவர்கள் அவர்கள்.

இங்கே ஒரு அடிப்படையைக் கவனிக்க வேண்டும். பிபிசி தன் சாசனப்படியே எந்தக் கட்சிப் பக்கமும் சாயக் கூடாத நிறுவனம். அதனால் அவ்வளவு காலம் திரையில் இருந்தும் பெல் யாருக்கு ஓட்டுப் போடுபவர் என்று பார்வையாளருக்குத் தெரியாது. பின்னால் அவர் வேட்பாளராக நின்றபோது இதுதான் அவருடைய மூலதனம்.

1992 ஆகஸ்ட். போஸ்னியப் போரில் முற்றுகையிடப்பட்டிருந்த சரயேவோ நகரம். பெல் கேமராவுக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோர்ட்டார் குண்டு வெடித்தது. சிதறல் அவர் அடிவயிற்றில் பாய்ந்து கீழே விழுந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்ததால் விழுந்ததும் பதிவானது. போர்க்களத்திலும் அவர் வெள்ளை சூட்தான் போடுவார். அது தனக்கு ராசி என்று நம்பினார். குணமானதும் மறுபடி போஸ்னியாவுக்கே போனார்.

அந்தப் போர் அவர் தொழிலைப் பற்றி நினைத்ததையே மாற்றியது. பொதுமக்களைச் சுட்டுக் கொல்பவனையும் சாகிறவனையும் ஒரே தூரத்தில் வைத்துப் பேசுவது நடுநிலை ஆகாது, செய்தியாளர் தெரிந்துகொண்டால் மட்டும் போதாது, அக்கறையும் பட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். தமிழில் இதைப் பற்றுள்ள இதழியல் என்று சொல்லலாம். சக செய்தியாளர்கள் பலர் ஏற்கவில்லை. அக்கறை எங்கே முடிகிறது, பிரச்சாரம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் அரசியலுக்குப் போகும் கதவு அவருக்குள் திறந்தது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

கேள்விக்குப் பணம் என்றால் என்ன?

நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்டால் அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பதில் ஒரு வியாபாரிக்கு லட்சக்கணக்கில் லாபம் தரலாம். அதனால் கேள்வியே விலைக்குப் போகும் பண்டம் ஆகிவிடுகிறது.

1994 அக்டோபரில் கார்டியன் நாளிதழ் ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. ஹாரட்ஸ் அங்காடியின் உரிமையாளர் முகமது அல் ஃபயதுக்காக, ஒரு தரகர் வழியாகப் பணம் வாங்கிக்கொண்டு கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர்கள் இருவர் கேள்வி கேட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஒருவர் டிம் ஸ்மித். இன்னொருவர் டாட்டன் தொகுதியின் நீல் ஹாமில்டன். ஹாமில்டன் கடைசி வரை மறுத்தார். 1997 ஜூலையில் வந்த நாடாளுமன்ற விசாரணை அறிக்கை அவர் பணம் வாங்கியதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. ஆனால் தேர்தல் அதற்கு முன்பே, மே 1 அன்று. ஆக, வாக்காளர்கள் தீர்ப்பு வராமலே முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் விவகாரம் என்று தள்ளிவிட வேண்டாம். 2005 டிசம்பரில் நம் நாட்டிலும் இதே குற்றத்தை மறைகேமராவில் பிடித்துத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர், ஆக 11 உறுப்பினர்கள் அதே மாதம் 23 ஆம் தேதி வெளியேற்றப்பட்டார்கள்.

டாட்டனில் 24 நாள்

டாட்டன் கன்சர்வேடிவ் கட்சியின் பத்திரமான தொகுதி. யார் நின்றாலும் அந்தக் கட்சி ஜெயிக்கும். ஹாமில்டனை மாற்றக் கட்சியும் முன்வரவில்லை. அப்போது லேபர், லிபரல் டெமாக்ரட் என்ற இரண்டு எதிர்க்கட்சிகளும் ஒரு யோசனைக்கு வந்தன. தாங்கள் தனித்தனியாக நின்றால் எதிர்ப்பு ஓட்டு உடையும், ஹாமில்டன் தப்பிவிடுவார். ஊழலை எதிர்க்கும் ஒரே ஒரு பொது வேட்பாளர் வேண்டும். பெல் சம்மதித்தார். இரண்டு கட்சிகளும் தங்கள் வேட்பாளர்களை வாபஸ் வாங்கின. வாக்குப்பதிவுக்கு மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமே இருந்தது.

தொடக்கத்திலேயே ஒரு சறுக்கல். நட்ஸ்ஃபோர்டு ஊரின் திடலில் பெல் செய்தியாளர்களைச் சந்தித்தார். அங்கே ஹாமில்டனும் அவர் மனைவி கிறிஸ்டீனும் நேரே வந்து நின்றுவிட்டார்கள். என் கணவர் குற்றமற்றவர் என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்கிற ரீதியில் கிறிஸ்டீன் மடக்கினார். நிரூபிக்கப்படாத வரை சந்தேகத்தின் பலனைத் தருவீர்களா என்று ஹாமில்டன் கேட்டதும், பெல் ஆமாம் என்று சொல்லிவிட்டார். எத்தனையோ தலைவர்களைக் கேள்வி கேட்ட மனிதர், சுற்றிலும் கேமராக்கள் இருக்க, பதில் சொல்லும் பக்கத்தில் நின்று தடுமாறினார். மைக்கைப் பிடித்துப் பழகியவருக்கு, தன் முகத்துக்கு நேரே மைக் நீளும்போது அது வேறு கருவி. இந்தத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வரும் யாரும் முதல் வாரத்திலேயே படிக்கும் பாடம் இது.

முடிவு: பெல் 29,354. ஹாமில்டன் 18,277. வித்தியாசம் 11,077. கட்சித் தொடர்பே இல்லாத ஒருவர் பிரிட்டிஷ் பொதுத்தேர்தலில் ஜெயித்தது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அன்றுதான்.

அவைக்குள் போனபின்

பெல் இரண்டு விஷயங்களில் தன்னைக் கட்டிக்கொண்டார். எந்தக் கட்சியிலும் சேர மாட்டேன் என்பது ஒன்று. ஒரு தடவைக்கு மேல் டாட்டனில் நிற்க மாட்டேன் என்பது இன்னொன்று.

முதலாவதற்குச் சீக்கிரமே சோதனை வந்தது. 1997 நவம்பரில் டோனி பிளேரின் லேபர் அரசு, ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்குப் புகையிலை விளம்பரத் தடையிலிருந்து விலக்கு தர முயன்றது. பந்தய அதிபர் பெர்னி எக்கிள்ஸ்டன் அந்தக் கட்சிக்கு 10 லட்சம் பவுண்டு நன்கொடை கொடுத்திருந்தது வெளியே வந்தது. தனக்காக ஒதுங்கி வழிவிட்ட கட்சி ஆயிற்றே என்று பெல் பார்க்கவில்லை. அவையில் எழுந்து, பழைய அரசின் மேல் இருந்த அதே கறை இந்த அரசின் மேலும் படிகிறதா என்ற பொருளில் பிரதமரையே கேட்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் மதிப்பு ஏற்படுத்தும் இடம் இதுதான். கொறடா உத்தரவு இல்லாத மனிதர் கேட்கக்கூடிய கேள்வி அது.

உறுப்பினர்களின் ஒழுக்கத்தை விசாரிக்கும் குழுவிலும் இருந்தார். மற்றபடி, தனி ஒரு உறுப்பினரால் சட்டம் எதையும் திருப்பிப்போட முடியாது. அதை மறைக்க வேண்டியதில்லை.

2001 இல் சொன்ன சொல்லைக் காப்பாற்றி டாட்டனை விட்டார். அந்த இடத்துக்கு வந்த இளைஞர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், பின்னாளில் நிதியமைச்சர். பெல் வேறு தொகுதியான பிரென்ட்வுட் ஆங்காரில் நின்றார். அதே ஆள், அதே வெள்ளை சூட், இப்போது நான்காண்டு அனுபவமும் சேர்த்து. ஆனால் இங்கே லேபரும் லிபரல் டெமாக்ரட்டும் ஒதுங்கவில்லை. எரிக் பிக்கிள்ஸிடம் 2,821 ஓட்டில் தோற்றார். ஆரம்பத்தில் சொன்ன இரண்டாவது பாதி இதுதான்.

நம் நாட்டில் உள்ள கதவுகள்

இந்தியாவில் ஒலிபரப்புச் செய்தியாளர் ஒருவர் நாடாளுமன்றத்துக்குள் போக நான்கு வழிகள் உண்டு. நான்கிலும் நுழைவுக் கட்டணம் வேறு, உள்ளே கிடைக்கும் சுதந்திரமும் வேறு.

1. கட்சி தரும் மாநிலங்களவை இடம். அதிகம் பேர் போகும் வழி. தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள், எம்.எல்.ஏ.க்கள்தான் வாக்காளர்கள். ஒரே நேரத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் வந்தால், 234 பேர் உள்ள சட்டமன்றத்தில் ஓர் இடத்துக்கு 34 ஓட்டு வேண்டும். அதைக் கட்சி மட்டுமே தர முடியும். டிவி நேர்காணல்களால் தமிழர்களுக்குத் தெரிந்த ரபி பெர்னார்ட் 2011 இல் அதிமுக சார்பில் போனார். கேரளத்தில் கைரளி டிவியின் ஜான் பிரிட்டாஸ் 2021 இல் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் போனார்.

2. கட்சிச் சின்னத்தில் மக்களவை. என்டிடிவியில் செய்தியாளராக இருந்த இம்தியாஸ் ஜலீல், 2014 இல் ஒவைசியின் மஜ்லிஸ் கட்சியில் சேர்ந்து மகாராஷ்டிர எம்.எல்.ஏ. ஆனார். 2019 இல் அவுரங்காபாத்தில் 4,492 ஓட்டில் ஜெயித்து எம்.பி. ஆனார். 2024 இல் தோற்றார். வாணியம்பாடிக்காரர்களுக்கு அந்தக் கட்சி தெரியும். 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே நின்றது.

3. நியமன உறுப்பினர். குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்கு 12 பேரை நியமிக்கலாம். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்றுதான் அரசியலமைப்பில் இருக்கிறது. இதழியல் என்ற சொல் இல்லை. ஆனாலும் குல்தீப் நய்யார், சோ ராமசாமி போன்ற பத்திரிகையாளர்கள் இந்த வழியில் போயிருக்கிறார்கள். நியமனமாகி ஆறு மாதத்துக்குப் பிறகு கட்சியில் சேர்ந்தால் பதவி போகும்.

4. சுயேச்சை. பெல் போன வழி.

முதல் இரண்டில் கொறடா உத்தரவு உண்டு. கட்சிக்கு எதிராக வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் பதவி நீக்கம் வரலாம். பெல் பிளேரைக் கேட்ட மாதிரி ஒரு கேள்வியைக் கட்சி எம்.பி. தன் கட்சித் தலைமையைக் கேட்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. அடுத்த சீட்டு கிடைக்காது, அவ்வளவுதான்.

அப்புறம் வேலையை விடும் விஷயம். ஆகாஷ்வாணி, தூர்தர்ஷன் ஊழியர் என்றால் ராஜினாமா செய்தாக வேண்டும். தனியார் சேனல் என்றால் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. நிறுவனத்தின் விதி எப்படியோ அப்படி. நேர்மையான ஆள் மனுத் தாக்கலுக்கு முன்பே திரையை விட்டு இறங்கிவிடுவது நல்லது என்பேன். எதிர் வேட்பாளருக்கு இல்லாத மைக் இவருக்கு மட்டும் இருக்கக் கூடாது.

வேலூரில் ஒருவர் நின்றால்

வேலூர் மக்களவைத் தொகுதியில் வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். காட்பாடி, வேலூர் மாநகராட்சிக்குள் இருந்தாலும் அதன் ஓட்டு அரக்கோணம் மக்களவைத் தொகுதிக்கு. இது உள்ளூர்க்காரர்களையே குழப்பும்.

சரி, பெல் மாதிரி ஒருவர் இங்கே நின்றால் என்ன நடக்கும்?

1. நிற்பது சுலபம். வயது 25, இந்தியாவில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளர், டெபாசிட், இவ்வளவு போதும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்குத் தொகுதி வாக்காளர்கள் 10 பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

2. சின்னம் தாமதமாகத்தான் வரும். வாபஸ் வாங்கும் நாள் முடிந்தபின்தான் சுயேச்சைக்குச் சின்னம் ஒதுக்குவார்கள். அதற்கும் வாக்குப்பதிவுக்கும் இடையில் சட்டப்படி குறைந்தது 14 நாள். பேரணாம்பட்டிலும் ஒடுகத்தூரிலும் முகம் தெரிந்திருக்கலாம். இயந்திரத்தில் எந்தப் படத்துக்கு நேரே அழுத்த வேண்டும் என்பதை இரண்டு வாரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

3. பணம். மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு இப்போது 95 லட்சம். 2019 இல் 70 லட்சம். அந்த ஆண்டு ஏப்ரலில் வேலூரில் பிடிபட்ட ரொக்கம் 11 கோடிக்கு மேல், அதாவது அன்றைய வரம்பைப் போல 15 மடங்குக்கு மேல். கட்டுகள் வார்டு வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. எந்தத் தெருவுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு எழுதிய கை ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. ஊரை அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்த அறிவு இதற்குப் பயன்பட்டதை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஏப்ரல் 18 இல் நடக்க வேண்டிய தேர்தல் 16 ஆம் தேதி ரத்தானது. பண விநியோகப் புகாரில் ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது அதுவே முதல் தடவை. ஆகஸ்ட் 5 இல் மறுபடி நடந்து, திமுகவின் கதிர் ஆனந்த் 4,85,340 ஓட்டும் அதிமுக அணியின் ஏ.சி. சண்முகம் 4,77,199 ஓட்டும் வாங்கினார்கள். வித்தியாசம் 8,141.

4. யாராவது ஒதுங்குவார்களா? பெல்லுக்கு இரண்டு கட்சிகள் ஒதுங்கின. வேலூரில் 2019 இல் கதிர் ஆனந்தும் சண்முகமும் மட்டும் சேர்ந்து வாங்கியது 9.6 லட்சத்துக்கு மேல். மூன்றாம் இடம் 30,000த்தைத் தொடவில்லை. இப்படி இரண்டாகப் பிளந்து நிற்கும் தொகுதியில், ஒரு பெரிய அணி தானாக விலகினாலொழிய சுயேச்சைக்கு டெபாசிட்டே கஷ்டம்.

5. சேனலின் நிறம். இங்கே இது பெரிய தடை. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி என்று எது எந்தப் பக்கம் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். பெல் சம்பாதித்த, கட்சி தெரியாத குரல் என்ற மூலதனம், நம் திரையில் வளர்ந்தவருக்குக் கிடைப்பது அரிது.

ஜெயித்து மக்களவைக்குப் போய்விட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பாலாற்றில் கலக்கும் தோல் கழிவைப் பற்றிக் கேட்க வேண்டும். 1996 இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பு சொன்ன பிரச்சினை, இன்னும் கிணற்றுத் தண்ணீரில் உப்பாகக் கரிக்கிறது. ஸ்டூடியோவில் என்றால் அமைச்சரை அப்போதே கேட்டுவிடலாம். அவையில் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு எழுதித் தர வேண்டும். அது மத்திய அரசின் பொறுப்பில் வரும் விஷயமாக இருக்க வேண்டும். மாநில அரசைப் பற்றியது என்றால் ஏற்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலும் கூடாது. அப்புறம் குலுக்கல். நேரில் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான்; அதிலும் சிலவற்றுக்கே நேரம் கிடைக்கும். எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்விகள் 230. குலுக்கலில் பெயர் வந்தால் துணைக்கேள்வி கேட்கலாம், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். கேட்டுப் பழகிய ஒரு செய்தியாளரின் திறமை முழுதும் அந்த ஒன்றிரண்டு நிமிடத் துணைக்கேள்விக்குள் அடங்கிவிட வேண்டும்.

விவாதங்களில் பேசும் நேரத்தைக் கட்சிகளின் பலத்தை வைத்துப் பிரிப்பார்கள். தனி ஆளுக்குச் சில நிமிடங்களே மிஞ்சும், அதுவும் பெரும்பாலும் கடைசியில். இது போதவில்லை என்று நடுவில் ஒரு கட்சியில் சேர நினைத்தால் சட்டம் குறுக்கே நிற்கும். சுயேச்சையாக ஜெயித்தவர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி இழப்பார். நியமன உறுப்பினருக்காவது ஆறு மாத அவகாசம் உண்டு. சுயேச்சைக்கு ஒரு நாள்கூட இல்லை.